ரைஃபிள் கடைக்கு வந்துவிட்டது, நீ இன்னும் போகாதே

உன் ரைஃபிள் வந்துவிட்டது கண்ணா, தென் தீவிலிருந்து கிளம்பி மவுண்ட் வெல்லிங்டனில் சாமி கடைக்கு வந்து சேர்ந்து, பெட்டியைப் பிரித்து நம்பர் சரிபார்த்து உள்ளே பூட்டியும் வைத்துவிட்டார்கள், உனக்கு வர வேண்டிய போன் எனக்கு வந்துவிட்டது!

இந்த ஒரு வரியைக் கத்திச் சொல்வதற்குத்தான் என்னிடம் தெம்பு மிச்சம் இருந்தது. விரி பக்கத்து வேர்ஹவுஸில் பார்சல் அனுப்புகிற டிஸ்பாட்ச் வேலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, காலைச் சோபா மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, போனிலேயே கட்டை விரலால் இதை எழுதுகிறேன். நீ டிரெய்னிங்குக்காக ஹாமில்டனில் இருக்கிறாய். வெள்ளிக்கிழமை திரும்புவாய், சனிக்கிழமை காலையில் பல் துலக்கியதும் கடைக்கு ஓடுவாய் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளைதானே நீ. அதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு. முதலில் உனக்கு மட்டும்தான் அனுப்புகிறேன். நீயும் என் மருமகள் தர்சினியும் சரி என்று சொன்னால் மட்டுமே நம் தமிழ் ஷூட்டிங் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். குழுவில் யாராவது இந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தால், நீங்கள் இருவரும் சம்மதித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

உன்னை நான் இருபது வயதில் பெற்றேன். அதனாலோ என்னவோ நீயும் நானும் அம்மா பிள்ளையாக இருந்ததை விட, ஒரே வகுப்பில் படித்தவர்கள் மாதிரித்தான் இருந்திருக்கிறோம். உனக்குப் பிடித்த விளையாட்டு எனக்கும் பிடிக்கும், எனக்குப் பிடித்த பைத்தியம் உனக்கும் பிடிக்கும். ஒலிம்பிக்ஸில் யாரோ ஒரு பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே புள்ளியில் சுட்டுக்கொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து நாம் இரண்டு பேரும் யூடியூப்பே கதி என்று கிடந்தோம். மூச்சு விடுவது எப்படி, தோளில் வைப்பது எப்படி, காற்று அடித்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் எவன் எவனோ சொல்லிக் கொடுத்தான். ஃபோரம்களில் புகுந்து பேர் தெரியாதவர்களோடு சண்டை போட்டேன். லைசன்ஸ் தேர்வுக்கு நான் படித்த மாதிரி பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் இன்று விரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருக்க மாட்டேன் என்று உன் அப்பா சொல்வார். ஆனால் ஆர்டர் போட்ட ரைஃபிளைக் கடையில் போய் எப்படி வாங்கிக்கொள்வது என்பதற்கு எந்த வீடியோவும் இல்லை. அதை நான் ஒவ்வொரு தப்பாகச் செய்துதான் கற்றேன். உனக்கு அதைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியது வேறு ஒன்றும் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

நீ இந்நேரம் டிராக்கிங்கைத் திறந்து பார்த்திருப்பாய். டெலிவர்ட் என்று போட்டிருக்கும். அதை நம்பி எந்தக் கடைக்கும் கிளம்பக் கூடாது. என் வேலையே அதுதான், எனக்குத் தெரியும். டெலிவர்ட் என்றால் பெட்டி ஒரு கதவைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். கடைக்காரர் அதைப் பிரிக்க வேண்டும், துப்பாக்கியில் பொறித்திருக்கும் நம்பரும் ஆர்டரில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும், பதிவில் ஏற்ற வேண்டும், பூட்ட வேண்டும். அவர் கூப்பிடும்வரை பொறுத்திருப்பதுதான் மரியாதை. என் முதல் ரைஃபிள் வந்தபோது நான் காலையில் ஒரு தடவை, டீ பிரேக்கில் ஒரு தடவை, லஞ்சில் ஒரு தடவை என்று சாமிக்குப் போன் போட்டேன். கடைசியில் அவர், "அக்கா, நீ போன வை. நீ போன வெச்சாதான் நான் பெட்டிய தொறக்க முடியும்" என்றார்.

குழுவில் புதிதாக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், சாமி ஃபிஜிக்காரர். அவருடைய முன்னோர் நம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். இங்கிலீஷும் ஃபிஜி ஹிந்தியும் வாய் நிறையப் பேசுவார், தமிழ் கொஞ்சம் தட்டுத் தடுமாறி வரும். நம் ஆட்களைப் பார்த்தால் மட்டும் அந்தத் தமிழை எடுப்பார். நாம் அதைப் பார்த்து உருகிவிடுவோம். உருகியதும் என்ன செய்வோம்? கடையை வீடு மாதிரி நினைத்துவிடுவோம். எல்லாத் தப்பும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் ரைஃபிள் தயார் என்று அவர் சொன்ன அன்று எனக்கு ஷிஃப்ட். உன் அப்பா பாக்குரங்கா பக்கம் ஏதோ வேலையாகப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். போகிற வழிதானே, வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றேன். கறிவேப்பிலை வாங்கச் சொல்கிற அதே குரலில் சொன்னேன். நாம் அப்படித்தானே வாழ்கிறோம். உன் பார்சலை நான் வாங்குவேன், பக்கத்து வீட்டுப் பிள்ளையை நீ ஸ்கூலிலிருந்து கூட்டி வருவாய். உன் அப்பாவும் போனார். என் லைசன்ஸ் கார்டை நான் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அதைக் காட்டினார்.

"இது யாரு?" என்று கேட்டாராம் சாமி.

"என் ஒய்ஃப்."

"நீ உன் ஒய்ஃபா?"

"இல்லங்க, அவங்கதான் அனுப்பினாங்க."

"பையா, நாளைக்கு உன் ஒய்ஃபுக்குப் பல்லு வலிச்சா டென்டிஸ்ட்கிட்ட நீ போய் உக்காருவியா?"

உன் அப்பா வெறுங்கையோடு வந்தார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. லைசன்ஸ் இல்லாத ஒருவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் கடைக்காரர் கடையை மூட வேண்டியதுதான். நாம் உரிமையோடு கேட்கிற சின்ன உதவிக்கு அவர் பிழைப்பையே வைக்க வேண்டியிருக்கும். பேர் யாருடையதோ அவர்தான் போக வேண்டும், கார்டு கையில் இருக்க வேண்டும், போனில் இருக்கக் கூடாது. இதில் அண்ணன் தம்பி, மாமா மச்சான் எல்லாம் செல்லாது.

அடுத்து என் லீவு நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயா என்று உன் அப்பா முகம் சுளித்தார், ஆனாலும் கூட வந்தார். மூன்றிலிருந்து நாலரைவரை ராகு காலம். கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். கோடையில் கடிகாரத்தைத் தள்ளி வைக்கிற டே லைட் சேவிங்குக்கு ராகு காலம் ஒரு மணி நேரம் தள்ளிப் போகுமா போகாதா என்று அங்கே ஒரு சண்டை. தள்ளினால் கடை மூடிவிடும், அதனால் தள்ளாது என்று முடிவு செய்தோம். கண்ணாடி வழியாகச் சாமி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துப்பாக்கிக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு இரண்டு பேர் இறங்காமல் உட்கார்ந்து கடையையே பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாலரை தாண்டி உள்ளே போனோம். சரிபார்த்து, பதிந்து, நான் பார்த்து, அவர் காட்டி என்று எல்லாம் முடிய, மூடுகிற நேரம் கடந்து வெகுநேரம் ஆகிவிட்டது. செவ்வாய் மாலை அவர் பேட்மின்டன் ஆடப் போகிற நாளாம். ராக்கெட் பையை மட்டும் எடுத்துக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலையைச் செய்தார். நீ போகும்போது அவருக்கு ஒரு மணி நேரமாவது மிச்சம் இருக்கிற மாதிரி போ.

வெளியே வந்ததும் உன் அப்பா, புது வண்டி வாங்கினால் பூஜை போடுகிறோமே, இதற்கும் போட்டுவிடலாம், போகிற வழியில் கோயில் என்றார். கையில் எலுமிச்சம்பழம்கூட வைத்திருந்தார், எப்போது வாங்கினார் என்றே தெரியவில்லை. துப்பாக்கியைக் காரில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது, கோயிலுக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. ஒருவர் காரில் இருக்க ஒருவர் உள்ளே போகலாம் என்றார். லைசன்ஸ் எனக்கு, அதனால் காரில் இருக்க வேண்டியது நான், என் ரைஃபிளுக்கு என் பேரில் அர்ச்சனை செய்ய அவர் மட்டும் உள்ளே போவார். யோசித்துப் பார்த்ததும் எங்களுக்கே சிரிப்பு வந்து நேராக வீட்டுக்குப் போனோம். நீயும் நேராக வீட்டுக்குத்தான் போக வேண்டும். மாலில் ஒரு காபி, பிள்ளைகளுக்கு ஒரு சிப்ஸ் என்று எங்கும் நிற்கக் கூடாது. பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் நடக்காதே, ரைஃபிள் பையை வீட்டிலிருந்தே எடுத்துப் போ. கடைக்குள் வீடியோ எடுக்காதே, பின்னால் நிற்பவன் உன் ஸ்டோரியில் வர விரும்பாதவனாக இருக்கலாம். ஆன்லைனில் வாங்கினால் மலிவு என்று அவர் காதுபடச் சொல்லாதே. போன மாதம் அதே மாடலை அவர் கடையில்தான் கையில் எடுத்துப் பார்த்தாய், நூறு கேள்வி கேட்டாய், பிறகு வீட்டுக்கு வந்து வேறு ஊர்க் கடையில் ஆர்டர் போட்டாய். அவருக்கும் அது தெரியும். காது மூடியோ துடைக்கிற துணியோ ஏதாவது ஒன்றை அவரிடம் வாங்கு.

மேசை மேல் அவர் வைத்ததும் பாய்ந்து எடுக்காதே. அவர் முதலில் போல்ட்டை, பின்பக்கம் தாழ்ப்பாள் மாதிரி இருக்கிறதே அதை, இழுத்துத் திறந்து, உள்ளே காலி என்று உனக்குக் காட்டுவார். நீயும் எட்டிப் பார்த்து ஆமாம் காலி என்று சொல்ல வேண்டும். எடுக்கலாமா என்று கேட்டு எடுக்க வேண்டும். துப்பாக்கி வாய் யார் பக்கமும் திரும்பக் கூடாது. இதெல்லாம் உனக்கு மனப்பாடம். ஆனால் அந்த போல்ட்டை இழுக்கிற சத்தத்தைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எனக்கும் நேற்று மதியம்வரை தெரியாது.

நேற்று எனக்கு லீவு. நீங்கள் தனியாகப் போயிருக்கிற புது யூனிட் வீட்டுக்குத் திரைச்சீலை வாங்கலாம் என்று தர்சினியைக் கூட்டிக்கொண்டு மவுண்ட் வெல்லிங்டன் மாலுக்குப் போயிருந்தேன். அங்கே இருக்கும்போதுதான் சாமியின் போன் வந்தது. என் லேப்டாப்பில் உட்கார்ந்து ஆர்டர் போட்டாய் அல்லவா, அது தானாகவே என் நம்பரை நிரப்பியிருக்கிறது. எடுக்க முடியாவிட்டாலும் பார்க்கவாவது செய்யலாமே என்று எனக்குக் கை பரபரத்தது. "வாம்மா, ரெண்டே நிமிஷம்" என்றேன். அவளும் வந்தாள். திரைச்சீலைப் பையைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றாள். சாமி கொஞ்சம் முணுமுணுத்தார், பேர் பையனுடையது என்றார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்து வந்து மேசையில் வைத்தார். போல்ட்டை இழுத்தார். நான் குனிந்து பார்த்து, ஆமாம் காலி என்றேன். அழகான சாமான் கண்ணா, பொய் சொல்ல மாட்டேன். உனக்குப் போட்டோ எடுத்து அனுப்பலாமா என்று திரும்பி அவளிடம் கேட்கப் போனால் அவள் அங்கே இல்லை. திரைச்சீலைப் பை மட்டும் தரையில் இருந்தது.

வெளியே கார் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. மாமியார் புத்தி எங்கே போகும், எனக்கு முதலில் வேறு சந்தேகம்தான் வந்தது.

"என்னம்மா, வாந்தி வர மாதிரி இருக்கா?"

"இல்லை மாமி. அந்தச் சத்தம்."

"அது வெறும் போல்ட்டும்மா. உள்ள ஒண்ணுமே இல்ல, காலி. நானே பாத்தேன்."

"காலி எண்டு எனக்கும் தெரியும் மாமி."

காருக்குள் உட்கார்ந்தோம். நான் வண்டியை எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.

"அப்போ அன்னைக்கு அந்த ஆபீசர்கிட்ட நீதானே ஓகேன்னு சொன்ன?" என்றேன். குற்றம் சொல்கிற குரலில் கேட்கவில்லை, ஆனால் அப்படித்தான் வந்திருக்கும்.

"நீங்கள் கோப்பியோட நிண்டீங்கள்" என்றாள்.

"நான் குடுத்துட்டு உடனே போயிட்டேனேம்மா."

"ஓம். நான் மறுமொழி சொன்னாப்பிறகு போனீங்கள்."

உனக்கு அந்த நாள் நினைவிருக்கும். உன் லைசன்ஸுக்காக வீட்டுக்கு வந்து விசாரித்தார்களே, நீங்கள் அப்போது எங்களோடு பிளாக்ஹவுஸ் பே வீட்டில் இருந்தீர்கள், கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. வந்த ஆபீசர் அம்மா ரொம்ப ஒழுங்காகத்தான் செய்தார். உன்னிடம் பேசி முடித்ததும், உங்கள் மனைவியிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். உன்னைத் தோட்டத்துக்கு அனுப்பினார். ஹாலின் கதவைச் சாத்தினார். வீட்டுக்கு வந்தவர் வெறும் வாயோடு போவதா என்று நான் காலையிலிருந்தே வடைக்கு அரைத்து வைத்திருந்தேன். வடை சூடாக இருக்கிறது, காபியும் தயார், ஆறிப்போகுமே என்று தட்டைத் தூக்கிக்கொண்டு கதவைத் தோளால் தள்ளி உள்ளே போனேன். சரியாக அந்த நேரத்தில்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார், வீட்டில் துப்பாக்கி இருப்பது உனக்குச் சம்மதமா என்று. தர்சினி நிமிர்ந்து பார்த்தாள். அவரை இல்லை, என்னை. நான் சிரித்தேன். எடுத்துக்கோம்மா என்று தட்டை நீட்டினேன். அவள் யெஸ், நோ பிராப்ளம் என்றாள். நான் கப்பை வைத்துவிட்டு வெளியே வந்தேன். வந்து உன்னிடம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். அந்த அம்மா போகும்போது தர்சினியின் கையில் தன் நம்பரைக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று சொன்னதைக்கூட நான் நல்ல மனுஷி என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று யோசிக்கவில்லை.

காருக்குள் நான் விடவில்லை. எனக்குக் காரணம் வேண்டியிருந்தது.

"உங்க ஊர்ல சண்டை நடந்தப்ப ஏதாவது ஆச்சாம்மா? சின்ன வயசுல ஏதாவது பாத்தியா? எங்கிட்ட சொல்லலாம்ல?"

அவள் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "வேண்டாம் எண்டு சொல்லுறதுக்கு ஒரு கதை வேணுமே மாமி? கதை இல்லாட்டி நம்ப மாட்டீங்களோ?"

நான் கதை கேட்கத்தான் தயாராக இருந்தேன். அழுவதற்குக்கூட ரெடியாக இருந்தேன் என்று நினைக்கிறேன். அவள் கொடுக்கவில்லை. அவளுக்கு அந்தச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அது போதுமானது என்று எனக்கு உறைக்க, வண்டியைக் கிளப்பி மோட்டார்வேயில் ஏறி இறங்குகிற வரை ஆனது.

"அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றேன் மறுபடியும்.

"நீங்கள் ரெண்டு பேரும் அந்த வீடியோவுகள் பாக்கேக்க எப்பிடி இருப்பீங்கள் எண்டு உங்களுக்குத் தெரியாது மாமி. சின்னப் பிள்ளையள் மாதிரி. நான் வந்து ஒரு வருசம். அதுக்குள்ள அதைப் போய்க் குழப்பிறதோ? எனக்கு மனம் வரேல்ல."

"சரி, ரைஃபிள எங்க வீட்டுலயே வெச்சிடலாம். துப்பாக்கி பூட்டி வைக்கிற என் சேஃப்ல இடம் இருக்கு. அவன் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போறப்ப வந்து எடுத்துக்கட்டும், முறைப்படி பதிஞ்சிக்கலாம். அது பரவால்லையா? இல்ல, திருப்பி அனுப்பச் சொல்லவா? இல்ல, ஹால்ல..."

"மாமி."

"என்னம்மா?"

"இப்பவும் தட்டை நீட்டுறீங்கள்."

உன் அம்மா வாயை மூடிக்கொண்டு ஓனெஹுங்கா வரை வண்டி ஓட்டினாள் என்றால் நீ நம்ப மாட்டாய், தர்சினியிடம் கேட்டுக்கொள். பிறகு அவளே சொன்னாள்: "நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். என்னட்டை ஒருக்காக் கேக்கச் சொல்லுங்கோ. அவர் கேட்டா நான் கதைக்கிறன்."

அதுதான் செய்தி. அவள் என்ன பதில் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். கொஞ்சம் முன்னால் இதுவரை எழுதியதை அவளுக்குப் போனில் படித்துக் காட்டியபோது, "அது நீங்கள் கற்பனை பண்ணினது" என்று அந்தப் பத்தியை எடுக்கச் சொல்லிவிட்டாள். எடுத்துவிட்டேன். காரில் பேசியதை அப்படியே வைக்கச் சொன்னாள். வாந்தி என்று நான் கேட்டதும் இருக்கட்டும் என்றாள், அதில் அவளுக்கு ஏனோ சிரிப்பு.

உங்கள் புது யூனிட்டில் அந்த சேஃபை எங்கே பொருத்தியிருக்கிறாய் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார். அலமாரிக்குள், அவளுடைய கூறைச் சேலை தொங்குகிற இடத்துக்குக் கீழே, சுவரில் போல்ட் போட்டு. உறுதியான சுவர் அதுதான் என்றாய், சோதிக்க வந்த லைசன்ஸ் ஆட்களும் நன்றாக இருக்கிறது என்றார்கள். சட்டப்படி எல்லாம் சரி. தினமும் காலையில் சேலையோ சுடிதாரோ எடுக்கக் குனிகிறவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் உன்னோடு சேர்ந்து டிரில் மெஷினைப் பிடித்தவள்தான்.

எனக்கு இப்போது களைப்பாக இருக்கிறது கண்ணா. கால் வலி இல்லை, அது தினமும் இருப்பது. இத்தனை வருஷமாக எதற்கெடுத்தாலும் துள்ளிக்கொண்டே இருந்திருக்கிறேன். நீ துள்ளினால் நானும் துள்ளுவேன். உன் அப்பா ஓரமாகச் சிரித்துக்கொண்டு நிற்பார். அந்தச் சத்தத்தில் நம் வீட்டில் மெதுவாகப் பேசுகிற ஒருத்தியின் குரல் கேட்டிருக்க முடியாது. நேற்று ராத்திரியிலிருந்து எனக்கு ஷூட்டிங் வீடியோ எதுவும் பார்க்கத் தோன்றவில்லை. மறுபடி தோன்றும், என்னை எனக்குத் தெரியும். ஆனால் இந்த வாரம் தோன்றவில்லை.

இன்று மதிய இடைவேளையில் சாமிக்குப் போன் போட்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"சாமி, சனிக்கிழமை பையன் வந்தா கொஞ்சம் லேட் பண்ண முடியுமா? ஏதாவது சொல்லி அனுப்புங்களேன்."

"ஏன், லைசன்ஸ் போச்சா?"

"இல்ல."

"நம்பர் தப்பா?"

"அதெல்லாம் இல்ல."

"ரைஃபிள் யார் பேர்ல இருக்கு?"

"அவன் பேர்ல."

"நீ யாரு?"

"அவன் அம்மா."

"இந்தக் கடையில அம்மா டிபார்ட்மென்ட் கிடையாது அக்கா. உனக்கு ஏதாவது சொல்லணும்னா அவன்கிட்ட சொல்லு. என்கிட்ட சொல்லாத."

வைத்துவிடப் போனேன். அவர் விடவில்லை. "அந்தப் பொண்ணு வெளிய போனத பாத்தேன்" என்றார். "நம்ம கடையில அது புதுசு இல்ல. பையன் பொறுமையா வரட்டும், நான் வெச்சிருக்கேன். ரைஃபிள் சோறு கேக்காது. வேணாம்னாலும் சொல்லட்டும், திருப்பி அனுப்பறதுக்கும் வழி இருக்கு. வெக்கப்படாம சொல்லணும், அவ்ளோதான்."

அதனால் நான் உனக்குச் சொல்கிற மரியாதை இதுதான், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம். வெள்ளிக்கிழமை வந்ததும் சாமிக்கு நீயே கூப்பிட்டு, இன்னும் கொஞ்ச நாள் வைத்திருங்கள் என்று சொல். ஆர்டர் போட்டதைத் திருப்பினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று பயப்படாதே, அந்த நாலு பேரில் பாதிப்பேர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். பிறகு தர்சினியிடம் கேள். எங்கள் வீட்டில் வைத்துக் கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரும்போது கேட்காதே. சரிதானே என்று முடிகிற மாதிரிக் கேட்காதே, அப்படிக் கேட்டால் சரி என்றுதான் பதில் வரும். கேட்டுவிட்டு, அவள் பேசுகிற வரை சும்மா இரு. உனக்கு அது கஷ்டமாக இருக்கும், என்னிடமிருந்து வந்த குறை. அவள் சரி என்றால் போய் எடுத்துக்கொள், நான் மேலே சொன்ன மாதிரி எடுத்துக்கொள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதே. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது சொன்னால் அதை நீங்கள் இருவரும் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். என்ன முடிவானது என்று அன்றே எனக்குப் போன் செய்ய வேண்டாம். நான் போன் செய்தாலும் எடுக்காதே.

குழுவில் இருப்பவர்களே, இனி உங்களோடு பேசுகிறேன். இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால் என் பிள்ளைகள் வெளியிடச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் என்ன முடிவு செய்தார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்கே இன்னும் சொல்லவில்லை. லைசன்ஸுக்கு விசாரணை வரப்போகிற வீடுகள் நம்மில் நிறைய இருக்கின்றன, கடையில் ஆர்டர் வந்து காத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். இதை உங்கள் வீட்டு மாமியார்களுக்கும் மாமனார்களுக்கும் அனுப்புங்கள், முக்கியமாக அவர்களுக்கு அனுப்புங்கள். பிறகு கீழே ஒரே ஒரு வரி எழுதுங்கள்: உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ சரி என்று சொன்ன அந்த நிமிஷத்தில், அந்த அறையில் வேறு யார் இருந்தீர்கள்?